'ஆகவே' வரும் வாக்கியம்தான் முதன்மை முடிவா?

கேள்வி இதுதான்: இந்தியாவின் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் கிளாட் தேர்வுக்குத் தயாராகும் ஒருவர், 'இந்த வாதத்தின் முதன்மை முடிவு எது?' என்று கேட்கும்போதெல்லாம் கடைசி இரண்டு விடைகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறார். ஆங்கிலத்தில் 'ஆகவே' என்று பொருள்படும் 'தேர்ஃபோர்', 'தஸ்' என்று தொடங்கும் வாக்கியத்தைத் தேடி எடுக்கிறார். பாதிக்குப் பாதி தப்பாகிறது. இதற்கு முன் வங்கித் தேர்வுக்குப் படித்தபோது 'கன்குளூஷன்', அதாவது முடிவு காணும் பகுதியில் முழு மதிப்பெண் வாங்கியவர். அங்கே வந்தது இங்கே ஏன் வரவில்லை என்கிறார்.

அங்கே நன்றாக வந்ததுதான் இங்கே தொந்தரவு என்று நினைக்கிறேன்.

வங்கித் தேர்வில் ஒன்றிரண்டு கூற்றுகளைக் கொடுத்து, கீழே இரண்டு முடிவுகளைப் போட்டு, எது கூற்றிலிருந்து பிறக்கிறது என்று கேட்பார்கள். 'எல்லாப் பேனாவும் பென்சில், சில பென்சில் ரப்பர்' என்று வரும் சிலாஜிசமும் இதன் அண்ணன் தம்பிதான். அங்கே முடிவு கூற்றுக்கு வெளியே இருக்கிறது. அதை வருவிப்பது உங்கள் வேலை. முதன்மை முடிவுக் கேள்வியில் வருவிக்க ஒன்றுமே இல்லை. எழுதியவர் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். பெரும்பாலும் அது பத்திக்குள்ளேயே கிடக்கிறது. நம்மை எதை ஏற்கவைக்கப் பார்க்கிறார் என்று அடையாளம் காட்டினால் போதும். அவர் சொல்வது சரியா, ஆதாரம் போதுமா என்பதெல்லாம் இந்தக் கேள்விக்கு வேண்டாம். படு அபத்தமான வாதத்துக்கும் ஒரு முதன்மை முடிவு உண்டு.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'கன்குளூஷன்' என்ற ஒரே சொல்லைப் போட்டுவிட்டதால் வந்த குழப்பம் இது. கேள்வியின் வாசகத்தைக் கவனியுங்கள். 'மேலே சொன்னவை உண்மையானால் கீழே உள்ளவற்றில் எது உண்மையாக இருந்தாக வேண்டும்' என்று கேட்டால் வருவிக்கச் சொல்கிறார்கள். 'ஆசிரியரின் முடிவை மிகச் சரியாகச் சொல்வது எது' என்று கேட்டால் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். முதல் வகைப் பழக்கத்தோடு இரண்டாம் வகைக்கு வருகிறவர், பத்தியைப் படித்து முடித்ததும் 'சரி, இதிலிருந்து என்ன தெரிகிறது?' என்று ஒரு படி மேலே யோசிக்கிறார். விடைகளில் அந்த மேல்படிக்கென்றே ஒரு ஆப்ஷன் காத்திருக்கும். நீங்கள் மாட்டும் இரண்டில் ஒன்று பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

இந்த வகைக் கேள்விக்குத் தாய்வீடு என்றால் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட். 1948 முதல் நடக்கும் தேர்வு. 2024 ஆகஸ்டில் அதிலிருந்த 'லாஜிக் கேம்ஸ்' என்ற புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டார்கள். இப்போது மதிப்பெண்ணுக்குச் சேரும் மூன்று பகுதிகளில் இரண்டு, தலைக்கு 35 நிமிடம், வாதங்களை அலசச் சொல்லும் லாஜிக்கல் ரீசனிங்தான். அங்கே ஒரு பத்தி நாலைந்து வாக்கியம், அதற்கு ஒரு கேள்வி. நம் கிளாட்டில் 120 நிமிடத்தில் 120 கேள்வி. அதில் 22 முதல் 26 வரை லாஜிக்கல் ரீசனிங். ஒரு பத்தி 450 வார்த்தை வரை போகும், அதன்கீழ் ஒரு கொத்துக் கேள்விகள். தப்புக்கு 0.25 போய்விடும். இரண்டிலும் கேட்பது ஒன்றுதான் என்றாலும், கற்றுக்கொள்ள எல்சாட்டின் குட்டிப் பத்திகள் வசதி. எலும்பு வெளியே தெரியும்.

அடையாளச் சொற்களுக்கு வருவோம். 'தேர்ஃபோர்' வந்தால் அதற்குப் பின்னால் இருப்பது ஒரு முடிவு என்பது உண்மைதான். ஆனால் 'ஒரு' முடிவு, அவ்வளவுதான். ஒரு பத்தியில் இரண்டு முடிவுகள் இருக்கலாம். ஒன்று இன்னொன்றைத் தாங்கிக்கொண்டு நிற்கலாம். இதைப் பாருங்கள்:

"நகராட்சி பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே மாற்றக் கூடாது. வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் அரசு மருத்துவமனைக்கோ சந்தைக்கோ வருகிறவர்கள். இரண்டுமே ஊருக்கு நடுவில் இருக்கின்றன. ஆகவே நிலையம் வெளியே போனால் அவர்கள் உள்ளே வர இன்னொரு வண்டி பிடிக்க வேண்டியிருக்கும்."

'ஆகவே' கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. அது முடிவும்தான்: மருத்துவமனையும் சந்தையும் நடுவில் இருக்கின்றன என்ற ஆதாரத்திலிருந்து வந்தது. ஆனால் இவர் வாயைத் திறந்ததே 'இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும்' என்று சொல்லவா? இல்லை. நிலையத்தை மாற்றாதே என்று சொல்ல. கடைசி வாக்கியம் இடையில் வந்த முடிவு. அதை இடைமுடிவு என்று வைத்துக்கொள்வோம். தேர்வு எழுதுகிறவர்களைப் பிடிக்க வலை விரிக்கிற இடம் பெரும்பாலும் இதுதான்.

இதைப் பிரித்தறிய ஒரு சோதனை. சந்தேகமான இரண்டு வாக்கியங்களை எடுத்து, நடுவில் நீங்களே ஓர் 'ஆகவே' போட்டு, இரண்டு பக்கமும் மாற்றிப் படித்துப் பாருங்கள். 'இன்னொரு வண்டி பிடிக்க வேண்டியிருக்கும். ஆகவே மாற்றக் கூடாது.' காதுக்கு ஒட்டுகிறது. 'மாற்றக் கூடாது, ஆகவே இன்னொரு வண்டி பிடிக்க வேண்டியிருக்கும்.' உளறல். எந்த வரிசை ஒட்டுகிறதோ அதில் 'ஆகவே'க்குப் பின்னால் நிற்பதே மேலான முடிவு. பத்தியில் அச்சாகியிருக்கும் 'தேர்ஃபோர்' உங்களை ஏமாற்றலாம். நீங்கள் போட்டுப் பார்க்கும் 'ஆகவே' ஏமாற்றாது. தமிழில் போட்டுப் பார்த்தாலும் தப்பில்லை, மனசுக்குள்தானே.

தமிழ் என்றதும் ஒன்று. நான் பார்த்தவரை, தமிழில் யோசித்துப் பழகியவர்களுக்குக் கடைசி வாக்கியத்தின் மேல் ஒரு தனி மயக்கம் உண்டு. காரணம் நம் வாக்கிய அமைப்பு. 'மழை பெய்ததால் பஸ் வரவில்லை, பஸ் வராததால் நேரமாகிவிட்டது' என்று காரணத்தை முன்னால் அடுக்கி, சொல்ல வந்ததை வினைமுற்றோடு கடைசியில் வைக்கிறோம். காது கடைசி வரை காத்திருந்தே பழகிவிட்டது. ஊரில் ஒருவர் கடன் கேட்க வந்தால் எப்படிப் பேசுவார்? மழை இல்லை, மோட்டார் ரிப்பேர், பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது... எல்லாம் முடிந்து, வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் 'ஒரு ஐந்நூறு ரூபாய் இருக்குமா' என்பார். அந்த ஐந்நூறு ரூபாய்தான் முதன்மை முடிவு. ஆங்கிலத்தில் வாதம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஐந்நூறு ரூபாயை முதல் வரியிலேயே கேட்டுவிட்டு, மழையையும் மோட்டாரையும் அப்புறம் சொல்கிறார்கள். நாம் முதல் வரியை 'ஏதோ முன்னுரை' என்று தாண்டிப் போய்விடுகிறோம்.

ஆனால் நம் பழைய தருக்கத்தில் முடிவை முதலிலேயே சொல்கிற வழக்கம் இருந்தது. மணிமேகலையின் 29ஆவது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை முறையை, அதாவது தருக்க முறையைச் சொல்லித்தருகிறார். ஒரு வாதத்துக்கு ஐந்து உறுப்புகள். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, இது பக்கம். புகை இருப்பதால், இது ஏது. அடுக்களையைப் போல, இது திட்டாந்தம். இந்த மலையிலும் புகை இருக்கிறது, இது உபநயம். புகை இருப்பதால் நெருப்பு உண்டு, இது நிகமனம். முதல் உறுப்பும் கடைசி உறுப்பும் ஒரே செய்தி என்பதைக் கவனியுங்கள். தொடங்கும்போது அது நிறுவ வேண்டிய கூற்று. முடிக்கும்போது நிறுவிய முடிவு. தேர்வுப் பத்தி எழுதுகிறவர் இதில் ஒரு முனையை வெட்டிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிகமனத்தை வெட்டினால் முடிவு பத்தியின் தலையில் நிற்கும். பக்கத்தை வெட்டினால் வாலில் நிற்கும். ஆக, இடத்தைப் பார்த்து முடிவைத் தேடாதீர்கள். எது எதைத் தாங்குகிறது என்று பாருங்கள்.

தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் நடுவில் ஒளிந்திருக்கும் வகையும் உண்டு. அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம், கொஞ்சம் நின்று பார்க்கலாம். யாரோ சொன்னதை முதலில் சொல்லி, அதை மறுக்கும் பத்தி:

"செல்போன் வந்த பிறகு பிள்ளைகளின் வாசிப்பு குறைந்துவிட்டது என்று ஆசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். பள்ளி நூலகப் பதிவேட்டைச் சான்றாகக் காட்டுகிறார்கள். ஆனால் அந்த முடிவுக்கு வர இது போதாது. பிள்ளைகள் இப்போது கதையும் செய்தியும் போனிலேயே படிக்கிறார்கள். அப்படிப் படிப்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை."

இங்கே முடிவு 'ஆனால்' என்று தொடங்கும் சின்ன வாக்கியம். அதைத் தனியாக எடுத்தால் பொருளே இல்லை: 'அந்த முடிவு' எது, 'இது' எது? இந்த மாதிரி இடத்தில் சுட்டுச் சொற்களைக் கழற்றிவிட்டு முழுசாக எழுதிக்கொள்ள வேண்டும்: 'பிள்ளைகளின் வாசிப்பு குறைந்துவிட்டது என்று சொல்ல நூலகப் பதிவேடு போதுமான சான்று அல்ல.' சரியான விடை இந்த முழு வடிவில்தான் இருக்கும். பத்தியில் அந்தச் சொற்கள் அப்படியே இல்லையே என்று பலர் அதைத் தள்ளிவிடுகிறார்கள்.

இப்போது விடைகளை நாமே போட்டுப் பார்ப்போம். 'பிள்ளைகளின் வாசிப்பு குறையவில்லை' என்று ஓர் ஆப்ஷன் வரும். அழகாக இருக்கும், தப்பு. எழுதியவர் குறையவில்லை என்று சொல்லவே இல்லை. குறைந்தது என்பதற்கு நீங்கள் காட்டும் சான்று போதாது என்றார். 'நீ திருடினாய் என்பதற்குச் சாட்சி இல்லை' என்பதும் 'நீ திருடவில்லை' என்பதும் ஒன்றா? நீதிமன்றத்தில் இரண்டும் விடுதலையில் முடியலாம், வாதத்தில் இரண்டும் வேறு. 'போனில் படிப்பது பதிவேட்டில் ஏறுவதில்லை' என்று இன்னொரு ஆப்ஷன் வரும். இது பத்தியில் சொல்லுக்குச் சொல் இருக்கிறது, உண்மையும்கூட. ஆனால் அது ஆதாரம். 'பிள்ளைகள் முன்பைவிட அதிகம் படிக்கிறார்கள்' என்பது மேல்படி ஏறியவருக்கு வைத்த பொறி. 'பள்ளிகள் போன் வாசிப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும்' என்பது நல்ல யோசனை. எழுதியவரே கேட்டால் ஆமாம் என்று தலையாட்டுவார். ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை. எழுதியவர் ஒப்புக்கொள்வார் என்பதும் எழுதியவர் சொல்ல வந்தது என்பதும் ஒன்றல்ல. உங்களுக்குக் கடைசி இரண்டில் தகராறு வரும்போது இந்த ஒரு வித்தியாசத்தைக் கேட்டுப் பாருங்கள், பாதித் தகராறு தீரும்.

இதோடு சேர்ந்த விஷயம் அளவு. பத்தியில் 'சில' இருந்து விடையில் 'பெரும்பாலான' இருந்தால், 'இருக்கலாம்' என்பது 'இருக்கிறது' ஆகியிருந்தால், 'மாற்றக் கூடாது' என்பது 'மாற்றுவதில் பயனில்லை' ஆகியிருந்தால், அது எழுதியவரின் முடிவு அல்ல. சட்டம் படிக்கப் போகிறவருக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். பத்திரத்தில் 'லாம்', 'வேண்டும்' இரண்டையும் மாற்றி எழுதினால் என்ன ஆகும் என்று கற்கத்தானே போகிறீர்கள்.

அப்புறம், காரணம் சொல்லும் பத்திகள். இவை கொஞ்சம் வேறு மாதிரி ஏமாற்றும்.

"இந்த ஆண்டு எங்கள் ஏரிக்கு வலசைப் பறவைகள் குறைவாகவே வந்தன. மழைக் குறைவு இதற்குக் காரணமாக இருக்க முடியாது. போன ஆண்டு இதைவிடக் குறைவாகப் பெய்தும் வழக்கமான அளவுக்கு வந்தன. கரையில் புதிதாகப் போட்ட மின்விளக்குகள்தான் காரணமாக இருக்க வேண்டும். விளக்கு போடாத பக்கத்து ஏரிக்கு இந்த ஆண்டும் குறைவில்லாமல் வந்திருக்கின்றன."

'பறவைகள் குறைவாக வந்தன' என்பதை முடிவாக எடுக்கிறவர்கள் உண்டு. பத்தி முழுவதும் அதைப் பற்றித்தானே என்பார்கள். ஆமாம், அதைப் பற்றித்தான். ஆனால் அதை நிறுவ யாரும் முயலவில்லை. அது ஏற்கெனவே ஒப்புக்கொண்ட செய்தி. எழுதியவர் நம்மை ஏற்கவைக்கப் பார்ப்பது விளக்குகள்தான் காரணம் என்பதை. இங்கே 'ஏன்?' என்று கேட்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 'ஏன் குறைந்தன?' என்று கேட்டால் 'விளக்கால்' என்று பதில் வருகிறது. உடனே விளக்கு ஆதாரம், பறவைக் குறைவு முடிவு என்று தலைகீழாக எடுத்துவிடுவோம். 'அது ஏன் நடந்தது' என்று கேட்காதீர்கள். 'அதை ஏன் நான் நம்ப வேண்டும்' என்று கேளுங்கள். விளக்குகள்தான் காரணம் என்று ஏன் நம்ப வேண்டும்? மழை காரணமில்லை, விளக்கில்லாத பக்கத்து ஏரிக்கு வந்திருக்கின்றன. பதில் பத்தியிலேயே இருக்கிறது. பறவைகள் குறைவு என்று ஏன் நம்ப வேண்டும்? பத்தியில் பதில் இல்லை. பதில் இல்லாத வாக்கியம் முடிவாக இருக்க முடியாது. 'மழை காரணமாக இருக்க முடியாது' என்பதற்கும் பதில் இருக்கிறதே என்றால், சரிதான், அது இடைமுடிவு. பழைய 'ஆகவே' சோதனையைப் போடுங்கள்: மழை காரணமில்லை, ஆகவே விளக்கு. ஒட்டுகிறது.

ஆங்கிலச் சொற்களில், 'ஏனென்றால்' என்ற பொருளில் வரும் 'சின்ஸ்', 'ஃபார்' இரண்டையும் தனியாகக் கவனியுங்கள். ஒரே வாக்கியத்தில் ஆதாரமும் முடிவும் சேர்ந்து வரும். காற்புள்ளிக்கு ஒரு பக்கம் ஆதாரம், இன்னொரு பக்கம் முடிவு. முழு வாக்கியத்தையும் முடிவாக எடுக்காதீர்கள். 'என்றாலும்' என்ற பொருளில் 'ஆல்தோ' வந்தால் அந்தப் பக்கம் பெரும்பாலும் எழுதியவர் எதிராளிக்கு விட்டுக்கொடுத்த பகுதி. 'ஆனால்' என்ற பொருளில் 'ஹவ்எவர்', 'பட்', 'யெட்' வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். சொந்தக் குரல் அங்கேதான் தொடங்கும். இதற்கு மேல் சொற்பட்டியல் மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அடையாளச் சொல்லே இல்லாமலும் பத்தி வரும், மேலே பறவைப் பத்தியில் 'ஆகவே' எங்கே இருந்தது?

நான் வற்புறுத்துகிற பழக்கம் ஒன்றே ஒன்று. பத்தியைப் படித்ததும் விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, 'இவர் என்ன சொல்ல வருகிறார்?' என்று ஒரு வாக்கியம் சொந்தமாகச் சொல்லுங்கள். கணினித் திரையானால் கண்ணைத் திருப்பிக்கொள்ளுங்கள். அந்த வாக்கியத்தோடு விடைகளுக்குள் போனால், உங்கள் வாக்கியத்துக்குப் பக்கத்தில் இருப்பதைத் தேடுவீர்கள். வெறுங்கையோடு போனால், எந்த விடை நன்றாக இருக்கிறது என்று தேடுவீர்கள். நன்றாக இருக்கும்படிதான் எல்லா விடையையும் எழுதியிருக்கிறார்கள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்தானே, இதற்கு எங்கே நேரம் என்று கேட்பீர்கள். நாலு விடைகளையும் மூன்று தடவை திரும்பத் திரும்பப் படிக்கும் நேரத்தைவிடக் குறைவுதான். முதல் ஒன்றிரண்டு வாரம் கடிகாரத்தை மறந்துவிட்டுச் செய்யுங்கள்.

கிளாட்டின் நீண்ட பத்திகளில் ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். தலையங்கம் மாதிரி எழுதிய 450 வார்த்தையில் முடிவு ஒரே வாக்கியமாக இருக்க வேண்டியதில்லை. முதல் பாராவில் பாதியும் கடைசிப் பாராவில் பாதியுமாகச் சிதறிக் கிடக்கலாம். அப்போது ஒவ்வொரு பாராவுக்கும் ஓரத்தில் நாலு சொல் எழுதுங்கள்: 'எதிர்த்தரப்பு', 'மறுப்பு', 'ஒரு உதாரணம்', 'தீர்வு' என்று. உள்ளடக்கத்தை எழுத வேண்டாம், வேலையை எழுதுங்கள். உதாரணத்துக்கு ஒரு முழுப் பாரா ஒதுக்கியிருப்பார். நீளத்தைப் பார்த்து அதுதான் முக்கியம் என்று மயங்குவோம். பந்தலில் கால்கள்தான் நிறைய இருக்கும். பந்தல் போட்டது கால்களுக்காக அல்ல. யூபிஎஸ்சி நடத்தும் குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வின் சிசாட் தாளில் 'பத்தியின் சாரம் எது' என்று கேட்பதும் ஏறக்குறைய இதே வேலைதான், ஆனால் அங்கே எல்லாப் பத்தியும் வாதமாக இருக்காது. வெறும் விவரணையும் வரும். விவரணைக்கு 'ஆகவே' சோதனை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

பயிற்சிக்குப் புதுப் புத்தகம் வாங்குவதற்கு முன்னால், ஏற்கெனவே தப்பாகப் போட்ட கேள்விகளை எடுங்கள். ஒரு இருபது போதும். ஒவ்வொன்றிலும் நீங்கள் தேர்ந்தெடுத்த தப்பான விடைக்குப் பக்கத்தில் அது என்ன என்று எழுதுங்கள்: ஆதாரமா, இடைமுடிவா, எதிராளியின் கருத்தா, அளவு கூடிப்போனதா, நீங்களாக மேல்படி ஏறியதா. இருபது முடிவதற்குள் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு அது இடைமுடிவாகவோ மேல்படியாகவோதான் இருக்கும். அது எது என்று தெரிந்ததும், அடுத்த மாதிரித் தேர்வில் அந்த ஒன்றை மட்டும் குறிவைத்து விலக்கிப் பாருங்கள். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.